மேட்டு வீட்டாரின் பங்கு

இன்ஷுரன்ஸ் கூடுமா, கூடாதா என்னும் கேள்வி நம் இல்லங்களுக்குப் புதியதன்று. ஆயுள் இன்ஷுரன்ஸ் பற்றியும், கடைகளுக்கான தீ இன்ஷுரன்ஸ் பற்றியும் ஆலிம் பெருமக்களிடம் பல்லாண்டுகளாக இது கேட்கப்பட்டு வருகிறது. ஆனால், 2023 டிசம்பருக்குப் பின் அக்கேள்வி வேறொரு முகத்துடன் நம்முன் வந்து நிற்கிறது. அம்மாதம் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதற்கும் தமிழகத்தின் சராசரி மழையே ஏறத்தாழ 92 சென்டிமீட்டர்தான்! தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டனர். பிசான நெல்லும் வாழையும் நீருக்கடியில் போயின.

வெள்ளம் வடிந்தபின் இருவகைப் பேச்சு எழுந்தது. "இது அல்லாஹ்வின் நாட்டம், இதற்கு எதைக்கொண்டு காப்புத் தேடுவது?" என்றனர் சிலர். "முன்னரே இன்ஷுரன்ஸ் செய்திருந்தால் இவ்வளவு நட்டம் வந்திருக்காதே!" என்றனர் வேறு சிலர்.

முதற்பேச்சுக்கு நீண்ட விடை தேவையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நம் பிள்ளைகளும் அறிவர். செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமித்து வைக்கச் சொன்ன யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு திருமறையிலேயே இருக்கிறது. சிரியா நாட்டில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு வழியிலேயே திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்களை நோக்கி, "இறைவிதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?" என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாகக் கலீஃபா விடையிறுத்தார்கள். முன்னேற்பாடு தவக்குலுக்குப் பகையன்று. இது குறித்து இன்னும் வாதிடுவோர் தம் வீட்டுக் கதவுக்குத் தாழ் போடாமல் உறங்குகிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் பேச்சுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கடல் வாணிபத்தில் ஐரோப்பியர் கொண்டுவந்த இன்ஷுரன்ஸைப் பற்றி, 1836இல் மறைந்த திமிஷ்க் நகர் மேதை இப்னு ஆபிதீன் அவர்களே எழுதி, அதன் பணத்தைப் பெறுவது ஆகாதென்று கருத்துரைத்தார்கள். 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, வணிக இன்ஷுரன்ஸில் மார்க்கம் விலக்கிய நிச்சயமின்மை கலந்திருப்பதால் அது ஆகாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் நோக்குடன் நன்கொடை அடிப்படையில் அமையும் கூட்டுக் காப்பு ஆகுமென்றும் தீர்மானித்தது. வணிக இன்ஷுரன்ஸையும் ஆகுமென்ற முஸ்தஃபா ஸர்கா போன்ற அறிஞர்களும் உண்டு. இக்கருத்து வேறுபாட்டில் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. அது ஆலிம்களின் துறை. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. இவ்விவாதம் முழுவதும் பாலிசி வாங்குகிறவனைப் பற்றியே நடக்கிறதே, வாங்கத் தேவையில்லாதவனின் கடமை என்ன?

தீயும் வெள்ளமும் ஒன்றல்ல. நூறு வீடுள்ள தெருவில் தீப்பிடித்தால் ஒன்றிரண்டு வீடு எரியும். மீதமுள்ளோரின் சந்தாவிலிருந்து அவற்றைக் கட்டிவிடலாம். வெள்ளமோ பள்ளத்தில் உள்ள அத்தனை வீட்டிலும் ஒரே இரவில் நுழைகிறது. இதனால் மேட்டிலுள்ளவர் சந்தா கட்டுவதில்லை. பள்ளத்திலுள்ளவர் மட்டும் சேர்ந்தால், அந்த நிதி முதல் வெள்ளத்திலேயே தீர்ந்து போகிறது. அமெரிக்காவில் 1927இல் மிசிசிப்பி ஆறு பெருகிய பின், தனியார் கம்பெனிகள் வெள்ளக் காப்பிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டதும், 1968இல் அரசே அப்பொறுப்பை ஏற்க வேண்டி வந்ததும் இக்காரணத்தால்தான். அப்படி ஏற்ற அரசும் கடனில் மூழ்கி, 2017இல் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. செல்வம் கொழிக்கும் நாட்டின் கதையே இதுவென்றால், ஆற்றங்கரைக் கிராமங்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

"நூறாண்டில் ஒருமுறை வரும் வெள்ளம், இனி நம் காலத்தில் வராது" என்று ஆறுதல் கூறுவோரும் உளர். நூற்றாண்டு வெள்ளம் என்பதன் பொருள், எந்த ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான். அவ்வாறாயின், 30 ஆண்டு ஒரு வீட்டில் வாழ்பவர் அதைச் சந்திக்க ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஒருமுறை வந்துவிட்டதால் அடுத்த நூறாண்டுக்கு வராது என்று வெள்ளம் எவரிடமும் வாக்களிக்கவில்லை.

வயலுக்கேனும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2016இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பிசான நெல்லுக்குக் காப்புத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரையும், வாழைக்கு ஐந்தும் விவசாயி கட்டினால், மீதியை அரசுகள் ஏற்கின்றன. ஆனால், இழப்பு பெரும்பாலும் ஊர்ச் சராசரி விளைச்சலைக்கொண்டே கணிக்கப்படுகிறது. மேட்டு வயல் விளைந்து பள்ளத்து வயல் அழிந்தால், சராசரி பள்ளத்தானைக் கைவிட்டு விடும். வயலில் நீர் தேங்கியதால் தனியொருவர் அடையும் இழப்பு 2018இல் நெல்லுக்கு நீக்கப்பட்டு, 2026 குறுவைப் பருவம் முதல் மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. குத்தகைக்கு உழுபவரின் துன்பம் இதனினும் பெரிது. விற்ற கனி பேரிடரால் அழிந்தால், வாங்கியவரிடமிருந்து அதன் விலையைப் பெறலாகாதென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இதைக் கட்டாயம் என்றார் இமாம் மாலிக். விரும்பத்தக்கது என்ற அளவில் நின்றார் இமாம் ஷாஃபிஈ. நாம் ஷாஃபிஈ மத்ஹபினர் என்று சொல்லிக்கொண்டு, மூழ்கிய வயலுக்கும் முழுக் குத்தகை கேட்போர் விரும்பத்தக்கதையும் விட்டுவிட்டோம் என்பதை நினைக்கட்டும்.

வீடு இழந்தோருக்குத்தான் அத்தகைய மானியக் காப்புத் திட்டம் இல்லை. ஈகையில் நம் மக்கள் குறை வைக்கவில்லை. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல், வெள்ளத்தில் தவித்த இந்துக் குடும்பங்களுக்கு நாட்கணக்கில் புகலிடமாயிற்று. மிகவும் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் அரசு வழங்கியது. ஆனால், இடிந்த சுவரும், துருவேறிய தையல் இயந்திரமும், நீரில் ஊறிய பள்ளிச் சான்றிதழ்களும் பத்து நாளில் தீரும் துன்பமல்ல. முதல்முறை கண்ணீரோடு கொடுத்தவர்கள் மூன்றாம் முறை கணக்குக் கேட்பார்கள். கேட்கப்படுபவளோ பெரும்பாலும் ஒரு விதவை. தன் வாழ்நாளில் அதுவரை எவரிடமும் கை நீட்டாதவள். பேரிடரால் உடைமை அழிந்தவர், தம் காலில் நிற்கும்வரை யாசிப்பது ஆகும் என்று மார்க்கம் அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக அவளைத் தெருவில் நிறுத்த வேண்டுமா? ஈகையில் கொடுப்பவர் மனம் இளக வேண்டும். கூட்டு நிதியிலோ அவளுக்கு உரிமை இருக்கிறது. நாலணா கட்டியவளும் தலைநிமிர்ந்து வந்து பெறலாம்.

அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்தால் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். அவர்களைத் தம்மவர் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். அத்துணியில் நிறைய இருந்தவரும் கொட்டினார், சிறிதே இருந்தவரும் கொட்டினார். கையில் உள்ளவர் விலகி நின்றிருந்தால் அங்கே பங்கிட என்ன இருந்திருக்கும்?

"குளத்துப் புறம்போக்கில் வீடு கட்டியவனுக்கு நாம் ஏன் கட்ட வேண்டும்?" என்பது நியாயமான மறுப்பு. மீண்டும் மீண்டும் அதே இடத்தில் கட்டுவதற்கு நிதி துணைபோகலாகாது. நீர்வழியை விட்டு விலகிக் கட்டுவோருக்கே முழுத்தொகை என்று விதி வைக்கலாம். ஆயினும், பள்ளம் எல்லா இடத்திலும் பள்ளமாகவே பிறக்கவில்லை. தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டதனால், ஒரு காலத்தில் படியேறிச் சென்ற வீடுகளுக்கு இன்று படியிறங்கிச் செல்கிறோம். புதுவீடு கட்டுவோர் ஆளுயரத்துக்கு மண்ணடித்து அடித்தளம் எழுப்புகின்றனர். அங்கிருந்து வழியும் நீர் அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போகிறது. இதை எழுதும் நாமும் மேட்டு வீட்டுக்காரர்தாம். நம் வாசற்படியை உயர்த்தியபோது அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டோமில்லை.

பைத்துல்மால் நடத்தும் ஊர்களில் இதற்கென ஒரு தனிக் கணக்குத் தொடங்கலாம். 1979இல் சூடானும், 1984இல் சட்டம் இயற்றி மலேசியாவும் பெரிய அளவில் கண்ட தகாஃபுல் முறையை, ஒரு மஹல்லா அளவில் தொடங்குவதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை. ஜகாத்தோடு இதைக் கலக்க வேண்டாம். ஜகாத்துக்கு உரியோர் தனி. வீட்டின் வசதிக்கேற்ப மாதச் சந்தா. திரும்பக் கேட்பதில்லை என்னும் நிய்யத்து. வரவு செலவு ஜும்ஆ தோறும் பள்ளிவாசல் பலகையில். ஓர் ஊர் மட்டும் செய்தால் ஒரே மழையில் தீர்ந்துவிடும் என்பதால், ஆற்றோரத்து ஊரும் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊரும் கணக்கில் இணைவது நல்லது. தெருவிலுள்ள பிற சமயத்தாரையும் சேர்ப்பதா என்று கேட்பவர்கள் செய்துங்கநல்லூரை நினைத்துக்கொள்ளட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். ஆடிக்குள் ஜமாஅத் கூடினால், முதல் மாதச் சந்தாவை யார் முதலில் எழுதுவது என்பதை அங்கேயே பேசிக்கொள்ளலாம். மேட்டுத் தெருக்காரர்களின் பெயரை முதற்பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.