ஐயமும் ஆப்தவாக்கியமும்

தேவிகுளம் தாலுகாவின் மலைச்சரிவில், முதிரப்புழையாற்றின் நீரைப் பெருங்குழாய்களின் வழியே கீழிறக்கி, அந்த வேகத்தைச் சக்கரங்களின்மீது பாய்ச்சி மின்விசையாக்கும் பள்ளிவாசல் நிலையம், 1940-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் திவானாக இருந்த நாளில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் நீர்மின் திட்டமாக இயங்கத் தொடங்கியது. முதற்கட்டத்தில் மூன்று யந்திரங்களோடு அமைந்த அந்நிலையம், பிற்பாடு தலா 7.5 மெகாவாட் திறனுள்ள வேறு மூன்று யந்திரங்களையும் பெற்று, 37.5 மெகாவாட் நிலையமாக வளர்ந்தது. அந்த விசையை நம்பித்தான் ஆலுவாய்ப் பக்கத்தில் அலுமினியத் தொழிற்சாலையும் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. நேற்றுவரை ஒருமுறையேனும் பாரம் சுமந்திராத ஒரு யந்திரத்தைச் சுட்டி, 'இனி இதை நம்பலாம்' என்று ஒரு மனிதன் எந்த ஆதாரத்தைக் கொண்டு சொல்கிறான் என்னும் வினாவை, யந்திர சாஸ்திரத்துக்கு மட்டுமே உரியதென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் தேசத்துத் தத்துவ ஞானிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதித்த பிரமாண விசாரமே, அதாவது அறிவுக்கு எது ஆதாரம் என்னும் ஆராய்ச்சியே, அதனுள் இருக்கிறது.

சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழுந்துள்ள தரவு மையங்களில் அவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. கோடிக்கணக்கான மக்களின் கணக்குகளும் கடிதங்களும் தங்கியிருக்கும் அத்தகைய கட்டடங்களில் ஒரு நொடியும் மின்சாரம் நிற்கலாகாது. மின்வாரியத்தின் மின்சாரம் அறுந்த கணத்திலேயே யுபிஎஸ் மின்கலங்கள் பாரத்தை ஏந்த வேண்டும். அவை ஏந்தி நிற்கும் சில நொடிகளுக்குள் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கி அப்பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் சொன்னபடி நடக்குமா என்று சோதித்து, உடைமையாளரிடம் ஒப்படைக்கும் பணியைக் கமிஷனிங் என்கிறார்கள். அதை நடத்தும் பொறியாளர், மின் பேனல் செய்யப்படும் தொழிற்சாலைக்கே போய்ப் பார்ப்பதில் தொடங்கி, அது தளத்தில் வந்திறங்கியபின் மெக்கர் என்னும் கருவியை வைத்துக் காப்புத்தடையை அளந்து, பழுதை உணரும் ரிலேகளுக்குச் செயற்கையாக மின்னோட்டம் செலுத்தி, அவை உரிய வேளையில் பிரேக்கரை டிரிப் செய்கின்றனவா என்று கண்டு, இறுதியில், கணினிகள் இன்னும் குடிபுகாத கூடங்களில் லோட் பேங்க் எனப்படும் வெப்பச் சுமைகளை நிறுத்தி, முழுப் பாரத்தையும் ஏற்றிய நிலையில் வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டிக்கிறார். பலருடைய நெடுநாள் உழைப்பால் எழுந்த ஒன்றை, அதை எழுப்பியவர்களே முன்னின்று சாய்த்துப் பார்க்கிறார்கள்.

இது அவநம்பிக்கையா? ஐயத்தை ஆன்ம நாசத்தின் வித்தென்று அஞ்சும் மரபு நம்மிடையே உண்டு. சிரத்தையுள்ளவன் சோதிக்கமாட்டான் என்று எண்ணுவோரும் உண்டு. ஆயினும் கௌதமரின் நியாய சூத்திரம், தான் ஆராயப்போகும் பதினாறு பதார்த்தங்களை அடுக்குமிடத்தில், அறியும் வழியான பிரமாணத்துக்கும் அறியப்படும் பொருளான பிரமேயத்துக்கும் அடுத்தபடியாக, மூன்றாவதாக, ஐயத்தையே வைக்கிறது. முற்றிலும் அறியாததைப் பற்றியும் ஆராய்ச்சி எழாது, முடிவாகத் தெளிந்ததைப் பற்றியும் எழாது. ஐயமுற்றதைப் பற்றியே எழும் என்பது அதற்கு உரைகண்ட வாத்ஸ்யாயனரின் விளக்கம். நம் தமிழ் நிலத்துக்கும் இவ்விசாரம் புதிதன்று. மணிமேகலை சமயவாதிகளைச் சந்திக்கும்போது முதலில், அறியும் வழிகளான அளவைகளைப் பேசும் அளவைவாதியின் பேச்சைத்தான் கேட்கிறாள். அருணந்தி சிவாசாரியாரும், சிவஞான சித்தியார் சுபக்கத்தில், இறைவனைப் பற்றிய விசாரத்தில் இறங்குமுன் அளவைகளையே வகுத்துக்கொள்கிறார்.

இவ்விடத்தில் இரண்டு பெரும் தரிசனங்கள் எதிரெதிரே நிற்கின்றன. அறிவு தோன்றும்போதே தன் உண்மையைத் தன்னோடு கொண்டு தோன்றுகிறது, அதை மறுக்கும் காரணம் வேறொன்று வரும்வரை அதை நம்புவதே முறை என்பது குமாரில பட்டர் முதலிய மீமாம்ஸகர்களின் கொள்கை. அறிவின் உண்மை அதற்குப் புறத்தேயிருந்து, அதை நம்பி மேற்கொண்ட செயல் பலிப்பதைக் கொண்டு, அறியப்பட வேண்டும் என்பது நியாய மரபினரான நையாயிகர்களின் கொள்கை. இரண்டில் ஒன்றே மெய்யென்று பண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்தார்கள். என் சிற்றறிவுக்கு எட்டியவரை, வாழ்க்கை இரண்டையும் இரு வேறு மனிதர்களுக்குப் பங்கிட்டுத் தந்திருக்கிறது. இரவில் விளக்குப் பொத்தானை அழுத்துகிற தாய் மீமாம்ஸகராக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஒவ்வொரு பொத்தானையும் ஐயுற்று அவரால் குடும்பம் நடத்த இயலாது. ஆனால் அவர் அவ்வாறு நம்புவதற்கு உரிமை பெறுவது, எங்கோ ஒருவர் அவருக்காக நையாயிகராக நின்று, அவர் படவேண்டிய ஐயத்தையெல்லாம் முன்கூட்டியே பட்டுத் தீர்த்திருப்பதால்தான்.

அப்படியானால் ஐயத்துக்கு எல்லை எங்கே? ரிலேயைச் சோதித்த கருவி சரியானதா என்று கேட்டால், அதற்கொரு சான்றிதழ் காட்டுவார்கள். அச்சான்றிதழை அளித்த ஆய்வுக்கூடத்தின் அளவைக் கேட்டால், அது புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவோடு பொருந்தியது என்பார்கள். அதையும் கேட்டால் வினா நீண்டுகொண்டே போகும். இதைத்தான் முன்னோர் அனவஸ்தா தோஷம் என்றார்கள். பத்தாம் நூற்றாண்டில் நியாய குஸுமாஞ்சலி இயற்றிய உதயனர், ஒருவனுடைய ஐயம் அவன் செயலோடேயே முரண்படும் இடத்தில் முடிகிறது என்று வரம்பு கட்டினார். நெருப்பால் புகை உண்டாகுமா என்று வாயால் ஐயுறுகிறவனே, புகை வேண்டும்போது நெருப்பைத் தேடிப் போகிறான் என்று பின்வந்த கங்கேசர் அதை விளக்கினார். இந்த உரைகல்லை மறுபுறமாகத் திருப்பியும் உரைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் செம்மையாக இருப்பதாகக் கையொப்பமிட்டுவிட்டு, 'உடைமையாளர் வரும் நாளில் மின்சாரத்தை அறுத்துப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டாம்' என்று கேட்டுக்கொள்கிறவனுடைய நம்பிக்கையை அவனுடைய செயலே மறுத்துவிடுகிறது.

கையொப்பம் என்பது என்ன? அது சப்தப் பிரமாணம். ஒருவர் சொல்லைக் கொண்டு மற்றவர் அறியும் வழி. சொல் பிரமாணமாவதற்குச் சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும். பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே பிறருக்கு உரைக்க விரும்புகிறவரே ஆப்தர் என்று வரையறுத்த வாத்ஸ்யாயனர், அவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று சேர்த்தும் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நான் வணங்குகிறேன். பிறப்பையும் பட்டத்தையும் அது பார்க்கவில்லை; நேரே கண்டதையும், கண்டதை மறைக்காத மனத்தையுமே பார்க்கிறது. தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, ஐ.டி.ஐ. படித்து, எங்கோ ஒரு தரவு மையத்தில் உதவியாளனாக வேலைபார்க்கும் இளைஞன் ஒருவன், 'ஐயா, இந்த பஸ்பாரில் ஒரு போல்ட் இன்னும் முறுக்கப்படவில்லை' என்று சொன்னால், அந்தப் போல்ட்டைப் பொறுத்தவரை ஆப்தன் அவனே. அதைக் காணாமல், குளிரூட்டிய அறையில் அமர்ந்து நூறு பக்க அறிக்கையில் ஒப்பமிடும் மேலதிகாரி ஆப்தராகார். தளர்ந்த ஓர் இணைப்பு பாரம் ஏறியதும் சூடேறும், சூடேறிக் கருகும், கருகித் தீயாகும். அந்த இளைஞன் அஞ்சி வாயடைத்துப் போகும்படியான அதட்டல் நிலவும் தளத்தில், எத்தனை விலையுயர்ந்த கருவி இருந்தும் பிரமாணம் இல்லை.

ஒருமுறை மெய்யென்று கண்டது என்றென்றைக்கும் மெய்யாக நிற்பதுமில்லை. பள்ளிவாசல் நிலையம் இருக்கும் அதே மலைநாட்டில், வெள்ளத்தூவலில், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிவந்த பன்னியாறு மின்நிலையத்தின் நீர்க்குழாய் 2007 செப்டம்பரில் வெடித்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. இரும்பு மூப்படைகிறது. ஆகையால் ஐயத்தைக் காலந்தோறும் புதுப்பிப்பதும் இப்பணியின் அங்கமே.

கட்டுமானம் தாமதமாகும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது கடைசியில் நிற்கும் சோதனை நாட்களே என்பதை இத்தொழிலில் இருப்போர் அனைவரும் அறிவர். சுவர் எழுப்பியவர் செய்த தாமதத்தை, உண்மையைக் காணவேண்டியவர் ஈடுசெய்ய வேண்டியதாகிறது. காணாததைக் கண்டதாக எழுதும் பொய் அவ்விடத்தில்தான் பிறக்கிறது. தரவு மையங்களின் உடைமையாளர்களை நான் வேண்டிக்கொள்வது இது: சோதனைக்கென்று ஒதுக்கிய நாட்களை வேறெதற்கும் கொடுக்காதீர்கள், சான்றிதழின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதைத் தன் கண்ணால் கண்டவர் உதவியாளரே ஆயினும், அவர் பெயரையே எழுதச் செய்யுங்கள்.