கடல் கடந்த ஈமக்கடன்

பிரிட்டனில் ஒரு சைவக் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குகின்றன. ஒன்று அரசாங்கத்தினுடையது: மருத்துவரின் சான்றிதழ், பதிவாளர் அலுவலகம், தகன நிலையத்தில் இடம் கிடைக்கும் நாள். மற்றது வீட்டினுடையது: துடக்கு என்னும் தீட்டு எத்தனை நாள், கொள்ளி வைப்பது யார், பின்வரும் சடங்குகளான எட்டுச் செலவு எப்போது, அந்தியேட்டி எப்போது. ஊரில் பெரும்பாலும் ஓரிரு நாளில் சுடலைக்குப் போய்விடும் உடல், அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலுமோ குளிர் அறையில் கிடக்கிறது. பொதுச் சுகாதாரத்தின் பேரில் அரசு ஒரு சடங்கின் வடிவத்தை மாற்றலாமா, மாற்றலாம் என்றால் எதுவரை என்ற கேள்வி இந்தக் குடும்பங்களுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல.

இங்கிலாந்தில் பிணத்தை எரிக்கும் வழக்கமே சுகாதாரத்தின் வழியாகத்தான் வந்தது. தேவாலய வளாகங்களில் புதைகுழிகள் நிரம்பி வழிந்த காலத்தில், விக்டோரியா மகாராணியின் அறுவை மருத்துவராக இருந்த சர் ஹென்றி தாம்சன், எரிப்பதே நோயைத் தடுக்கும் தூய முறை என்று 1874இல் எழுதினார். அதே ஆண்டில் அதற்கென ஒரு சங்கமும் தொடங்கப்பட்டது. 1884இல் வில்லியம் பிரைஸ் என்ற வேல்ஸ் மருத்துவர் தம் கைக்குழந்தையின் உடலைக் குன்றின் மேல் எரிக்க முயன்று கைதானார். பிறருக்குத் தொல்லை தராதவரை எரிப்பது குற்றமாகாது என்று கார்டிஃப் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மறு ஆண்டே வோக்கிங் தகன நிலையத்தில் முதல் உடல் எரிக்கப்பட்டது. 1902ஆம் ஆண்டின் தகனச் சட்டம், இதற்கென அமைந்த ‘கட்டட’த்துக்குள் மட்டுமே எரிக்கலாம் என்று வரம்பு கட்டியது. பின்னாளில் குடியேறிய இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் நெருப்பு ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது இப்படித்தான். ஆனால் அது வேறு காரணத்துக்காக மூட்டப்பட்ட நெருப்பு.

முதல் உலகப் போரின்போது இந்த வரம்பு தளர்ந்தது. பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியப் படைவீரர்கள் 53 பேருடைய உடல்கள் பட்சம் என்ற ஊருக்கு அருகே உள்ள மேட்டுநிலத்தில் திறந்த வெளியிலேயே எரிக்கப்பட்டன. அந்த இடத்தில் எழுப்பிய சத்ரி நினைவுமண்டபம் 1921இல் திறக்கப்பட்டது. வேண்டும் என்று அரசு நினைத்தபோது திறந்த சிதை முடியாத காரியமாக இருக்கவில்லை.

இன்றைய குடும்பங்கள் சடங்கைக் கட்டடத்துக்குள் அடக்கப் பழகிவிட்டன. வாய்க்கரிசியும் சுண்ணம் இடித்தலும் மண்டபத்தில் நடக்கின்றன. ஒதுக்கிய நேரத்துக்குள், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, எல்லாம் முடிய வேண்டும். கொள்ளிக்குப் பதிலாக மூத்த மகன் ஒரு பொத்தானை அழுத்துகிறார், அல்லது பெட்டியை உலைக்குள் தள்ள ஒரு கை கொடுக்கிறார். இதைக் குறைபாடு என்று சொல்வது கடினம். குழந்தைகளையும் துறவிகளையும் புதைப்பதும் அதே மரபில் உள்ளதுதான். வீரசைவர் எல்லாரையும் புதைக்கிறார்கள். மரபுக்குள்ளேயே பல வழிகள் உண்டு.

சடங்கைக் காப்பாற்ற வேறொரு வாதமும் புலம்பெயர்ந்தோரிடையே பரவலாகக் கேட்கிறது. துடக்கு என்பது அந்தக் காலத்துத் தொற்றுத்தடுப்பு முறைதான் என்பது அது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஏன், எதற்கு என்று கேட்கும்போது பெற்றோர் நல்லெண்ணத்தோடு சொல்லும் விளக்கம். ஆனால் அது பொருந்தவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், உடலைக் கண்ணாலும் காணாத டொராண்டோத் தம்பிக்கு முழுத் துடக்கு உண்டு. உடலைக் குளிப்பாட்டித் தூக்கிச் சென்ற அயலவருக்குத் தலைமுழுகினால் போதும். கிருமி தொட்டால் ஒட்டும். துடக்கு உறவின் வழியே போகிறது, கடலையும் தாண்டிப் போகிறது. குழந்தை பிறந்தாலும் துடக்கு உண்டு. ஆகவே அது நோயைப் பற்றிய ஏற்பாடு அல்ல. ஒரு சாவு யார் யாருடைய வாழ்வை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதைப் பற்றியது. அதைச் சுகாதாரமாகச் சுருக்கிவிட்டால், சுகாதாரத்துக்கு இன்னும் நல்ல வழி வந்த நாளில் சடங்கு தேவையற்றதாகிவிடும். சடங்கு தன்னை நியாயப்படுத்த மருத்துவத்திடம் கடன் வாங்க வேண்டியதில்லை.

அரசின் பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு; சுகாதாரம் நிற்க வேண்டிய இடத்தில் அங்கே வேறு ஒன்று பேசப்படுகிறது. நியூகாசிலில் வாழ்ந்த தேவேந்தர் கய் என்ற இந்துப் பெரியவர், தம் உடல் திறந்த சிதையில் எரிய வேண்டும், இல்லையேல் ஆன்மா நற்கதி அடையாது என்று நம்பினார். நகரசபை 2006இல் இடம் தர மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அவருடைய நம்பிக்கை உண்மையானது என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். அந்த நம்பிக்கை எல்லா இந்துக்களுக்கும் பொதுவானதா என்பது தீர்மானிக்கும் கேள்வியாக இருக்கவில்லை. இது முக்கியமான நிலைப்பாடு. ஆயினும் 2009இல் வழக்குத் தோற்றது. அரசு முன்வைத்த வாதத்தின் மையம் புகையோ நோயோ அல்ல. மனித உடல் திறந்த வெளியில் எரிவது மற்றவர்களின் மனத்தைப் புண்படுத்தும் என்பதே. 2010 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு வழியில் வழக்கைத் தீர்த்தது. சுவரும், கூரையில் திறப்பும் உள்ள அமைப்பும் 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ‘கட்டடம்’தான், விறகும் சூரிய ஒளியும் அதற்குள் இருக்கலாம் என்றது. திட்ட அனுமதியும் சுற்றுச்சூழல் விதிகளும் தனியே கடக்க வேண்டியவையாக நின்றன.

உண்மையான சுகாதாரக் கேள்விகள் இவற்றைவிடச் சிறியவை, அதனாலேயே தீர்க்கக்கூடியவை. பல் குழிகளை அடைத்த பாதரசக் கலவை எரியும்போது ஆவியாகிறது. தகன நிலையங்களின் பாதரச வெளியேற்றத்தை 2012க்குள் பாதியாக்க வேண்டும் என்று பிரிட்டன் விதித்தது. திறந்த சிதையில் அந்த ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி இல்லை என்பது நேர்மையான ஆட்சேபம். சாம்பலை ஆற்றில் கரைப்பதற்குத் தடையில்லை. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்நீரோட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் கரைக்காதீர்கள், பிளாஸ்டிக்கை நீரில் விடாதீர்கள் என்ற அறிவுரை உண்டு. லெஸ்டர் பகுதிக் குடும்பங்கள் சோர் ஆற்றில் கரைக்கின்றன. இத்தகைய விதிகள் சடங்கின் உள்ளே கை வைப்பதில்லை.

2020இல் கொரோனா வந்தபோது இரண்டு நாடுகள் இரண்டு வழியில் போயின. பிரிட்டனின் அவசரச் சட்டம், இறந்தவரின் விருப்பத்துக்கு மாறாக உடலை எரிக்க இடம் தரும் என்று முஸ்லிம்களும் யூதர்களும் அஞ்சினார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்ததும், இறந்தவரின் மத நம்பிக்கையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற கடமை அதில் சேர்க்கப்பட்டது. சாவுக்கு வரக்கூடியவர்களின் தொகை குறைக்கப்பட்டது. பல குடும்பங்கள் கொள்ளி வைப்பதைத் திரையில் பார்த்தன. அது கொடுமையான இழப்பு. ஆனால் நோய் கூட்டத்தில் பரவுவது உண்மை என்பதால் தாங்கிக்கொள்ள ஒரு நியாயம் இருந்தது. இலங்கையில் அந்த நியாயம் இல்லை. புதைப்பதும் எரிப்பதும் இரண்டுமே பாதுகாப்பானவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்ற பேரில் முஸ்லிம்களின் உடல்களும் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடலும் அவற்றில் ஒன்று. 2021 பிப்ரவரியில்தான் கட்டாய எரிப்பு நீங்கியது; அதன் பின் ஓட்டமாவடியில் ஜனாஸாக்களை அடக்க இடம் தரப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோர முடிவு செய்தது.