மார்ஜார நியாயம்



கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளையும் எட்டயபுரத்துக் கரிசல் சீமையிலே, தானியக் குலுக்கை இருந்த வீட்டில் எலி இருந்தது. எலி இருந்த வீட்டில் பூனையும் இருந்தது. ஆயினும் அப்பிராணியை நின்று நோக்குவார் சிலரே. குறுக்கே வந்தால் சகுனத் தடை என்று வீடு திரும்புவோரே மிகுதி. விடியலிலும் அந்தியிலும் இரை தேடுவது பூனையின் பிறவிக் குணம். மனிதர் புஞ்சைக்குப் புறப்படும் வேளையும் அதுவே. இதில் சகுனத்திற்கு இடம் ஏது?

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்திலோ பூனைக்கு உயர்ந்ததொரு ஸ்தானம் உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். முன்னதை வடகலையாருக்கும் பின்னதைத் தென்கலையாருக்கும் உரிய நியாயமாகச் சொல்லுவது வழக்கம். ரக்ஷிப்பவன் எம்பெருமானே என்பதில் இருதிறத்தார்க்கும் பேதமில்லை.

“அப்படியானால் சேதநன் சோம்பிக் கிடக்கலாமோ?” என்று வினவுவார் உண்டு. பூனையின் நடையைக் கூர்ந்து நோக்கினால் அவ்வினா எழாது.

ஏறக்குறைய 65 நாள் சுமந்து, பரணிலோ விறகடுக்கிலோ தாய்ப்பூனை குட்டி ஈனுகிறது. பிறந்த குட்டிக்குக் கண் திறவாது, காதும் திறவாது. தன் உடற்சூட்டைத் தானே காக்கும் வல்லமையும் இல்லை. தாய் நக்கிவிட்டாலன்றிச் சிறுநீரும் பிரியாது. கூட்டைவிட்டு விலகினால் கீச்சென்று கதறும். அவ்வளவே அதற்குத் தெரியும்.

மனித நடமாட்டம் மிகுந்தாலோ, கடுவன் பூனை சுற்றினாலோ, தாய் இடம் மாற்றத் தொடங்குகிறது. ‘ஏழு வீடு மாற்றும்’ என்பது ஊர் வழக்கு. ஏழு என்பது கணக்கன்று, மாற்றுவது மெய். பிடரித் தோலைக் கவ்வியதும் குட்டி பின்னங்கால்களைச் சுருட்டி, வாலை ஒடுக்கி, அசைவற்றுத் தொங்குகிறது. எலியின் உயிரை வாங்கும் அதே பற்கள்தாம் அதைக் கவ்வியிருக்கின்றன. அது துள்ளினால் தாய்க்கும் இடர், தனக்கும் இடர். அந்தத் துள்ளாமை சோம்பல் அன்று. பூர்வாசார்யர்கள் ‘விலக்காமை’ என்று அருளிச்செய்தது இதனையே.

வெதுவெதுப்பான பழந்துணியிலிருந்து தூக்கி, கரடுமுரடான பரண்மேல் கிடத்துகிறாள் தாய். கண் திறவாத குட்டிக்கு அது கொடுமையாகவே தோன்றக்கூடும். குட்டியைக் கொல்லவல்ல கடுவன் வாசலில் வந்து நின்றதை அது எங்ஙனம் அறியும்?

கரிசல் உழவனுக்கு இந்நிலை புதிதன்று. மழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த மண்ணில் விதைப்பதைப் புழுதி விதைப்பு என்பர். உழுதான், விதைத்தான், மழை அவன் கையில் இல்லை. நாள்தோறும் விதையைத் தோண்டிப் பார்ப்பவன் பயிரைக் காணமாட்டான். மழை பொய்த்த ஆண்டுகளும் உண்டு. அப்போது சரணாகதி என்னும் சொல் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். அந்த வேதனையை உபந்யாஸத்தால் மூடி மறைப்பது தகாது. கூட்டைவிட்டு விலகிய குட்டியும் கதறத்தான் செய்கிறது, கதறுவது விலக்குவதாகாது. அக்குரல் கேட்டே தாய் ஓடி வருகிறாள்.

1882இல் இவ்வூரில் பிறந்த பாரதியார், தம் ‘முரசு’ப் பாட்டில், வெள்ளைப் பூனை ஒன்று பல நிறக் குட்டிகளை ஈன்றதைக் காட்டி, மனிதருள் பேதமில்லை என்று நிறுவினார். ஓர் ஈற்றில் பல நிறம் என்பது கண்கூடு. தந்தையர் வேறாயிருத்தலும் உண்டு. ஆபத்து வந்தபோது தாய் எந்நிறத்தையும் விட்டுச் செல்ல நினைப்பதில்லை. ஸ்ரீராமாநுஜரின் வழியினர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உவமை ஒருபுடையே பொருந்தும். இரண்டாம் மாதத்தில் தாய் பால் மறக்கடிக்கிறது. பின்னர் உறுமியும் விரட்டுகிறது. எம்பெருமானோ ஒருநாளும் விரட்டுவதில்லை என்பர் பெரியோர். வளர்ந்த பூனையைப் பிடரியில் தூக்கினால் அதற்கு வலிக்கும் என்பதையும் இல்லத்தார் அறிந்திருத்தல் நன்று; அடியில் கை கொடுத்தே எடுக்கவேண்டும்.

அவ்வாறு தனித்து வாழும் பூனையும், திண்ணையில் அமர்ந்த பாட்டியின் மடியேறி, கண்களைப் பாதி மூடி, முன்னங்கால்களால் மாறி மாறிப் பிசைந்து, குர்குர் என்று ஒலிக்கிறது. குட்டியாயிருக்கையில் பால் சுரக்கத் தாயின் மடியைப் பிசைந்த பழக்கம் அது. பாட்டியின் மடியில் பால் இல்லை. ஆயினும் பிசைந்துகொண்டே உறங்கிவிடுகிறது.