வேரின் தவம்

இல்லறத்தார் நாள்தோறும் ஆற்றவேண்டியவை என்று சாஸ்திரங்கள் வகுத்த ஐந்து வேள்விகளுள் பூத யக்ஞமும் ஒன்று. பிற உயிர்களைப் பேணுவதே அவ்வேள்வி. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்தவுடன் அக்கடமை முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். நம் காலடியில் உள்ள மண்ணும் எண்ணற்ற உயிர்களின் உறைவிடம். அவற்றுக்கும் உணவு வேண்டும் என்று நினைப்போர் மிகச் சிலரே. பள்ளிக்கூடமே சென்றறியாத ஒரு கூலிப் பெண்மணி அந்த வேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்தார்.

பெங்களூருக்கு மேற்கே, மாகடி வட்டத்தில் உள்ளது ஹுலிகல் கிராமம். அங்கே வாழ்ந்த திம்மக்காவுக்கும் அவர்தம் கணவர் சிக்கையாவுக்கும் மக்கட்பேறு இல்லை. ஊரார் கண்ணுக்கு அது பெருங்குறை. அத்துயரைச் சுமந்த இருவரும் ஹுலிகலிலிருந்து குதூர் செல்லும் சாலையின் ஓரத்தில் ஆலங்கன்றுகளை நடத் தொடங்கினர். முதலாண்டில் பத்து, அடுத்த ஆண்டில் பதினைந்து, அதற்கடுத்த ஆண்டில் இருபது. பகலெல்லாம் கூலி வேலை. எஞ்சிய பொழுதில் குடங்களில் நீர் சுமந்து நெடுந்தூரம் நடை. கால்நடைகள் மேய்ந்துவிடாதபடி ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் முள்வேலி அமைத்தனர். இவ்வாறு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவுக்கு 385 ஆலமரங்கள் ஓங்கி நின்றன. கன்னட மக்கள் அவரை ‘சாலுமரத’ திம்மக்கா, அதாவது ‘மரவரிசைத் திம்மக்கா’ என்று அழைத்தனர்.

அந்த மரங்கள் வழிப்போக்கருக்கு நிழல் தருவதை எல்லோரும் காண்கின்றனர். அவை மண்ணுக்குச் செய்யும் தொண்டோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வெற்று நிலத்தில் விழும் மழைத்துளி மண்ணின் கட்டுமானத்தைச் சிதைத்து அதன் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. உட்புக வழியின்றி ஓடும் நீர் மேல்மண்ணையும் அரித்துச் செல்கிறது. மரமும் அதன் அடியில் கிடக்கும் சருகும் அத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. சருகை மண்புழுக்களும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் மக்கச் செய்கின்றன. அம்மக்கு நீரைப் பிடித்துவைக்கிறது. வெயிலில் இலைகள் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கு வேர் வழியாகக் கசிந்து மண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அதனைப் பெறும் பூஞ்சை இழைகள், வேர் எட்டாத இடங்களிலிருந்து நீரையும் மணிச்சத்தையும் கொணர்ந்து தருகின்றன. மடிந்த வேர்கள்கூட வீணாவதில்லை. அவை விட்டுச்சென்ற வழிகளில் மழைநீர் ஆழத்திற்கு இறங்குகிறது. ஆலம்பழம் தேடி வரும் பறவைகளும் வௌவால்களும் தம் எச்சத்தால் அந்நிலத்திற்கு உரமூட்டுகின்றன.

கீதையின் மூன்றாம் அத்தியாயம் விளக்கும் வேள்விச் சக்கரம் இதுவே. பெறுவதும் திருப்பித் தருவதுமாகச் சுழலும் அச்சக்கரத்தில் பெற்றுக்கொண்டு மட்டும் வாழ்பவன் உலகிற்குக் கடன்பட்டவன். மரம் ஒருநாளும் அவ்வாறு வாழ்வதில்லை. திம்மக்காவும் அவ்வாறு வாழவில்லை. சாலையோர நிலம் அவருடையதன்று. மரங்களும் பின்னர் அரசின் பராமரிப்பில் சென்றன. தமக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளாத அந்த உழைப்பைக் கர்மயோகம் என்று கூறாமல் வேறு எப்பெயரால் கூறுவது? ‘என் பிள்ளை’ என்று ஏங்கிய உள்ளம், ‘எல்லோருக்கும் நிழல்’ என்று விரிந்தது. துயரம் அங்கே தவமாயிற்று.

2019-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் சாலை விரிவாக்கத்தால் அம்மரங்களுக்கு ஆபத்து நேர்ந்தது. நூறு வயதைக் கடந்த அம்மூதாட்டி அப்போதைய முதலமைச்சரிடம் முறையிட்டார். மரங்களைக் காக்க மாற்று வழி காணுமாறு அரசு பணித்தது. ஒரு மரத்தை வெட்டிவிட்டுப் பத்துக் கன்றுகளை நட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது பலருடைய எண்ணம். மரங்களை எண்ணிவிடலாம், பல்லாண்டுகளாக அவற்றின் அடியில் விளைந்த உயிருள்ள மண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இளஞ்செடிக்கு வேலி வேண்டும், வளர்ந்தபின் அதில் யானையையே கட்டலாம் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் சாதகர்களுக்கு உணர்த்தினார். தட்சிணேசுவரத்துப் பஞ்சவடியில் அவரே மரம் நட்டுத் தவமும் இயற்றினார். சாதனைக்கு அவர் கூறிய அந்நெறியையே திம்மக்காவின் முள்வேலியிலும் காண்கிறோம். நடுவது ஒருநாள் ஆர்வம். வேர் பிடிக்கும்வரை காப்பதே சாதனை.

திம்மக்கா 2025 நவம்பர் 14 அன்று பெங்களூரில் மறைந்தார். அவருக்குச் செலுத்தும் அஞ்சலி நம் வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் மண்ணுக்கே அளிப்போம். மரத்தின் அடியைச் சிமெண்டால் மூடாமல் மழைநீர் இறங்க இடம் விடுவோம். ஒரே ஒரு கன்றையேனும் வேர் பிடிக்கும்வரை காப்போம். பிறர் அறியாமல் நிகழும் வேரின் தொண்டு நம் வாழ்விலும் கைகூட இறைவன் அருள்புரிவானாக!