பசியில்லாத் திருட்டு

வட ஆப்பிரிக்காவில் தாகாஸ்தே என்றொரு சிற்றூர். நான்காம் நூற்றாண்டில் ஒரு நள்ளிரவில், இளைஞர் சிலர் அங்கே பிறருக்குரிய பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளிச் சென்றனர். உண்பதற்காக அன்று, பன்றிகளுக்கு வீசுவதற்காக! அக்கூட்டத்தில் இருந்த 16 வயது இளைஞனே, பின்னாளில் ஹிப்போ நகர ஆயரான புனித அகுஸ்தீனார்.

ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழித்து, தம் வாழ்வை இறைவன் முன் அறிக்கையிட்டு எழுதியபோது, இளமைக்கால இச்சைகளைவிட இத்திருட்டையே அவர் நெடிது ஆராய்கிறார். அற்பச் செயலுக்கு இத்தனை பக்கங்களா என்று நகைத்தவர் உண்டு. நமக்கோ, அந்நூலில் வேறெந்தப் பகுதியும் இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்பதில்லை.

அவருக்குப் பசியில்லை, அதனினும் நல்ல காய்கள் அவரிடமே இருந்தன, மரத்திற்குரியவரிடம் பகையுமில்லை. பின் எதை நாடினார்? கூடாததைச் செய்தும் தண்டனையின்றி நிற்பதில், எல்லாம் வல்லவரின் சுதந்திரத்தைப் போன்ற ஒரு பொய்ச்சாயலைச் சுவைத்தார். இறைவனை விட்டு விலகும்போதும் மனிதன் இறைவனைப்போல ஆகவே விழைகிறான்! மற்றொன்றையும் அவர் மறைக்கவில்லை: தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டார். கூட்டத்தில், வெட்கப்படுவதற்குத்தான் வெட்கமாயிருந்தது.

திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நால்வராய் நின்று, அங்கில்லாத ஒருவரின் நற்பெயரைக் குலைக்கிறோமே, அதனால் நம்மில் எவருடைய பசி தீர்ந்தது? தனித்திருக்கையில் அச்சொற்கள் நம் நாவில் எழுந்திருக்குமா?

பாவத்திற்கு இரு முகங்கள் உண்டு என்பார் புனித தாமஸ் அக்குவினாஸ்: மாறாத நன்மையினின்று விலகுதல், மாறும் நன்மையை முறையின்றிப் பற்றுதல். இரண்டாவதே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதுவும் பெரும்பாலும் நல்லதாகவே தெரிகிறது. பிள்ளைகளின் எதிர்காலம், கட்டி முடிக்கவேண்டிய வீடு, ஏன், பங்கின் திருவிழாப் பணியும்கூட. அவற்றை நோக்கித் திரும்பியபோது யாருக்கு முதுகு காட்டினோம் என்பது நம் நினைவில் தங்குவதில்லை. இறைவனை மறுத்தவர்கள் அல்லர் நாம். அவரைப் பின்புறத்தில் வைத்துவிட்டவர்கள்.

ஆதலால்தான் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஆயத்தம் செய்கையில் பேரிக்காய்களை எண்ணுவது நமக்கு எளிதாயிருக்கிறது. எத்தனை பொய், எத்தனை கோபம் என்று வரிசைப்படுத்திவிடுகிறோம். முகம் எத்திசையில் இருந்தது என்று தேடுவதில்லை.

தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தில், உண்ட கனியைப் பற்றிய கேள்வி பிறகே வருகிறது. மரங்களிடையே மறைந்திருந்த மனிதனிடம் இறைவன் முதலில் வினவியது, அவன் இருக்குமிடத்தை. கனியைப் பற்றிக் கேட்டபோது ஆதாம் தன் துணைவியைச் சுட்டினான். முதற் கேள்விக்கோ, அஞ்சி ஒளிந்துகொண்டதாகத் தன்னைப் பற்றியே சொன்னான்.