உதவாமல் நிற்பதும் உதவியாகுமா?

ஆக்குபேஷனல் தெரபி என்றொரு மருத்துவப் படிப்பு உண்டு. தமிழில் செயல்முறைச் சிகிச்சை எனலாம். நம் நாட்டில் 1950-ல், அன்றைய பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் இப்படிப்பு துவங்கியது. பக்கவாதத்தாலோ விபத்தாலோ செயலிழந்தவர் மீண்டும் தாமே உண்ணவும் உடுக்கவும் தொழில் செய்யவும் பழக்குவதே இதன் வேலை.

இதைப் படிக்கும் நம் சமுதாய மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: வலக்கை விழுந்துபோன முதியவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கால்மணி நேரம் திணறுகிறார். 'நீ போட்டு விடாதே, அருகில் நில்' என்கிறார் ஆசிரியர். இது இரக்கமற்ற செயலாகாதா?

நியாயமான கேள்விதான். கண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் யாசித்து வந்த அன்சாரித் தோழரின் வரலாறு அபூதாவூதில் உள்ளது. அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் குவளையையும் விற்றுக் கொடுத்து, ஒரு திர்ஹத்திற்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்தார்கள். கோடரிக்குப் பிடி போட்டது நபிகளாரின் திருக்கரம். விறகு வெட்டியதோ அத்தோழரின் கை. இயலாததைச் செய்து கொடுத்தார்கள். இயன்றதை அவரிடமே விட்டார்கள். அதை இரக்கமின்மை என்று எவரும் சொல்வாரா?

நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ வேண்டுமென்பது நாமறிந்த சட்டம். மிஞ்சியிருக்கும் சக்தி எவ்வளவோ அவ்வளவுக்குக் கடமை மிஞ்சுகிறது. இம்மாணவர்களும் ஒரு செயலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கக் கற்கிறார்கள். உளூவையே எடுங்கள். விழாமல் உட்கார வேண்டும், குழாயைத் திறக்க வேண்டும், உள்ளங்கையில் நீரேந்தி முகம்வரை உயர்த்த வேண்டும், குனிந்து கால் கழுவ வேண்டும். எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று கண்டு, அந்த இடத்திற்கு மட்டும் துணை தேடுவார்கள். முக்காலி போடுவதோ, குழாயின் பிடியை நீளமாக்குவதோ போதுமாயிருக்கும். நம் வீடுகளிலோ முழு உளூவையும் மகன் செய்து வைக்கிறார். உதவி பெறுவது கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தந்தையின் கை பழகும் வாய்ப்பு போய்விடுகிறதே! சில நேரங்களில் நாம் செய்யும் கித்மத், 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதற்காகவும் இருக்கிறது.

இடக்கையால் உண்பது மக்ரூஹ் என்று அஞ்சி, வலக்கை விழுந்தவருக்குக் கடைசிவரை ஊட்டி விடுகிறார்கள். நோய், காயம் போன்ற காரணமிருந்தால் அதில் வெறுப்பில்லை என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். இடக்கையைப் பழக்கட்டும்.

எனினும் இந்த அனுமதிக்கு எல்லையுண்டு. களைத்துப்போய் 'போதும்' என்பவரைப் பாடத்துக்காக வருத்துவது கூடாது. அவர் திணறும்போது கடிகாரத்தையோ மதிப்பெண்ணையோ பார்த்து நிற்பவருக்கும் என் பதில் பொருந்தாது. விழுந்தால் தாங்கும் தூரத்தில் நிற்க வேண்டும்.

பெண்மக்களை இப்படிப்பிற்கு அனுப்பலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். படுக்கையிலிருக்கும் நம் தாய்மார்களுக்குக் குளிக்கவும் உடுக்கவும் அந்நிய ஆடவரா பழக்குவது?