துக்கமும் அச்சுத்துளையும்

'துக்கம்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். அதன் பிறப்பை ஆராய்ந்தோர் சிலர் கூறும் பொருள் ஒன்று உண்டு. 'க' என்பது சக்கரத்தின் நடுவே அச்சு நுழையும் துளையாம். துளை செம்மையுற அமையாத வண்டியில் ஏறியவன் படும் குலுக்கலே துக்கம் எனப்பட்டதாம். வேறு விதமாகப் பிரிப்போரும் உளர். இலக்கணப் போரை அறிஞர்க்கு விட்டு, நாம் ஒரு வண்டியின் துளையைப் பார்ப்போம்.

இடுக்கி மாவட்டத்து ஏலமலையில் சக்குபள்ளம் என்றோர் ஊர் உளது. அவ்வட்டாரத்து ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நம் தாய்மார் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறுகின்றனர்; மாலையில் இறங்குகின்றனர். பல ஜீப்புகளின் அடியில் வில்பட்டைகள் உள. பட்டையின் இரு முனைகளிலும் சுருட்டிய கண்கள்; கண்ணுக்குள் ரப்பர் புஷ்; அதனூடே போல்ட். இரும்பும் இரும்பும் மோதாதபடி இடையிலிருந்து தான் தேய்வதே புஷ்ஷின் தொழில். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் உறுதிபெறும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். ஆயினும் எண்ணெயும் வெப்பமும் ஓயாப் பாரமும் அவ்வுறுதியைத் தின்றுவிடும். முதலில் வெடிப்பு; பின்பு துளையில் இடைவெளி; பின்பு 'டொக்கு டொக்கு' என்னும் ஓசை. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒருபுறம் இழுக்கும். மலைச்சாலை வளைவில் அதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டுவதில்லை.

ஓட்டுநர் அவ்வோசையைக் கேட்பதில்லையா? பெரும்பாலும் கேட்பதில்லை. ஒரே நாளில் வந்திருப்பின் துணுக்குற்றிருப்பார்; அணு அணுவாக வந்தமையின் அதுவே வண்டியின் இயல்பான குரல் ஆயிற்று. பஞ்சாலை நூற்புக்கூடத்தில் ஆண்டுகள் பல கழித்த நாம் இதனை அறிவோம். பேரிங் கெட்ட ஓசையை முதலில் உணர்பவன் நேற்று வேலைக்கு வந்த பையனே, மேஸ்திரி அல்லர். ஒருவர்க்கும் தீங்கு எண்ணாத நல்லவரும் பிறர் உயிருக்கு இடையூறாவது இவ்வழியேதான்.

எண்ணமே வினை என்று பகவர் போதித்தார். அதனைப் பிடித்துக்கொண்டு, "எண்ணமில்லாத இடத்தில் பொறுப்பும் இல்லையன்றோ?" என வாதிடுவோர் நம் கூட்டங்களிலும் உளர். அன்பர்களே, கேளாமை வேறு, பாராமை வேறு. செவி பழகி மழுங்கும் என்று அறிந்தவன் கண்ணை அனுப்புதல் வேண்டும். குனிந்து வண்டியின் அடியைப் பார்ப்பது எண்ணத்தால் ஆவது. நாளைக்குப் பார்ப்போம் என ஏறி அமர்வதும் எண்ணத்தால் ஆவதே.

வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் வருவாய் போம் என்பர். அது பொய்யன்று. பந்தயக் கார் வைத்திருக்கும் செல்வர் சிலர் தம் வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காகவே புஷ் மாற்றுகின்றனர். ஜீப் ஓட்டுநரும் விடுமுறை நாளில் தம் முற்றத்திலேயே மாற்றலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைதல் ஆகாது. வண்டிச் சட்டத்துக்கு உறுதியான தாங்கிகள் கொடுக்க வேண்டும். ஒருபுறம் மாற்றினால் மறுபுறமும் மாற்றுதல் நன்று. பலர் தவறுவது கடைசி முறுக்கில்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்குகையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நின்று விரைவில் கிழியும். ஆதலின் பாரம் முழுவதும் சக்கரங்களின்மேல் வந்தபின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். அவசரப்பட்டவன் உழைப்பு சில மாதங்களில் மீண்டும் 'டொக்கு' என்னும்.

பின்னிருக்கையில் புதிதாக வந்த பெண் ஒருத்தி, "அண்ணே, அடியில் ஏதோ தட்டுதே" என்றால், "நீ பேசாமல் வாம்மா" என அதட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வண்டியில் பழகாத செவி அவளுடையது ஒன்றே. வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். தேய்ந்திருந்தால் புஷ்ஷின் விலையை ஓட்டுநர் தலையில் மட்டும் வைப்பதும் நியாயமன்று. அவ்வுழைப்பால் ஏலம் பெறும் தோட்டக்காரரும், ஆள் ஏற்றி அனுப்பும் கங்காணியும் அதில் பங்கு தரக் கடமைப்பட்டவர்கள். அதை அவர்களிடம் கேட்பதற்குத் தனியொரு ஓட்டுநர் அஞ்சுவார். பத்து ஓட்டுநர் சேர்ந்து கேட்கலாம்.